ஆறுதல், மாப்பு, வஜா: துயர் தணிக்கும் சொற்களின் வரலாறு

ஏக இறைவனின் திருப்பெயரால்...



துன்பத்தில் இருப்பவரிடம் செல்லும்போது நாம் மூன்றில் ஒன்றைக் கொண்டு செல்கிறோம். ஒன்று உணவு, ஒன்று கடனைக் குறைக்கும் மனம், ஒன்று சொல். முதலிரண்டும் ஓரளவேனும் வசதி படைத்தோருக்கே இயலும். மூன்றாவது எவருக்கும் இயலும். ஆயினும் மய்யித்து வீட்டின் வாசலில் நிற்கும்போதும், நம்மிடம் கடன்பட்ட உறவினர் எதிரே வரும்போதும், நம்மால் புண்பட்ட ஒருவரின் முகத்தைக் காணும்போதும் நம் நாவில் தடுமாறுவது அந்த மூன்றாவதே.

‘ஆறுதல்’, ‘சபூர்’, ‘மாப்பு’, ‘மன்னிப்பு’, ‘வஜா’, ‘தள்ளுபடி’, ‘நிவாரணம்’, ‘ஹலால் செய்துகொள்ளுதல்’ ஆகிய சொற்கள் நம் வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் அரசு அலுவலகங்களிலும் அன்றாடம் புழங்குகின்றன. இவற்றுள் சில அரபியிலிருந்து வந்தவை. சில வடமொழியிலிருந்து வந்தவை. சில தமிழ் மண்ணிலேயே முளைத்தவை. இச்சொற்கள் எங்கிருந்து வந்தன, நம் மண்ணின் வரலாற்றில் எப்போது மெய்யாக வழங்கப்பட்டன, எப்போது வெறும் ஒலியாகப் போயின என்பதைச் சற்று நின்று பார்ப்பது நம் நாவுக்கும் நல்லது. நம் ஈமானுக்கும் நல்லது.

ஊரின் பெயரும் ஊருக்கு வந்த சொற்களும்

காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே பாலாற்றங்கரையில் உள்ளது வாலாஜாபாத். ‘வாலாஜா’ என்னும் பட்டம் தாங்கிய ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி கான் அவர்களின் பெயரால் அமைந்த ஊர் இது. 1749 முதல் 1795 வரை நவாபாக இருந்தவர் அவர். ‘ஆபாத்’ என்பது மக்கள் குடியேறிச் செழித்த இடத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல். பட்டும் பருத்தியும் நெய்யும் தறிகள் சூழ்ந்த இப்பகுதியில் பின்னர்க் கும்பினிப் படையின் முகாம் ஒன்றும் இருந்தது. தமிழ் பேசுவோரும் தக்கணி உருது பேசுவோருமாக நம் சமுதாயத்தார் இவ்வட்டாரத்தில் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர்.

நவாபுகளின் அலுவல் மொழி பாரசீகம். நில வரியும் நீதியும் அம்மொழியில் எழுதப்பட்டன. அந்த ஏடுகளின் வழியாக அரபி வேர் கொண்ட சொற்கள் பல தமிழ்க் குடியானவரின் நாவில் ஏறின. வசூல், பாக்கி, தாலுகா, ஜமாபந்தி, பசலி, தாவா, வாய்தா, பைசல் ஆகியவை எல்லாம் அவ்வாறு வந்தவையே. எந்த மதத்தவராயினும் தமிழ்நாட்டு உழவர் ஒருவர் இச்சொற்களைச் சொல்லாமல் தம் நிலத்தைப் பற்றிப் பேச முடியாது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும. அரபியில் ‘ளாத்’ என்று ஓர் எழுத்து உண்டு. நம் முன்னோர் அதைத் தமிழில் ளகரத்தால் எழுதினர். ரமளான், வுளூ, ஃபர்ளு என்று நாம் எழுதுவது அம்மரபுப்படியே. ஆனால் பாரசீகத்திலும் உருதுவிலும் அவ்வெழுத்து ‘ஸ’கரத்தின் அதிர்வொலியாக மாறிவிடும், அது தமிழுக்குள் வரும்போது ஜகரமாகிவிடும். ஆகவேதான் ரமளான் சிலர் வாயில் ரம்ஜான் ஆயிற்று. இந்த ஒரே விதியால் ‘ஹாளிர்’ நீதிமன்றத்தில் ‘ஆஜர்’ ஆயிற்று. ‘அர்ளு’ என்பது ‘அர்ஜி’ ஆயிற்று. ‘ராளி’, அதாவது மனம் பொருந்தியவர் என்பது ‘ராஜி’ ஆயிற்று. வழக்காடிய இருவர் மனமொத்து எழுதிக் கொடுத்த பத்திரமே தொடக்கத்தில் ‘ராஜிநாமா’ எனப்பட்டது. நபித்தோழர்களின் பெயரை அடுத்து ‘ரலியல்லாஹு அன்ஹு’ என்று நாம் பிரார்த்திக்கும் சொல்லும் அதே வேரைச் சேர்ந்ததுதான். அல்லாஹ்வின் பொருத்தத்தைக் குறிக்கும் சொல்லும், அண்டை வீட்டாருடன் சமரசமாகும் சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தன என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

‘வஜா’ என்னும் ஒரு சொல்

விளைச்சல் பொய்த்த ஆண்டில் நிலத்தீர்வையில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ விட்டுக் கொடுப்பதற்கு வருவாய்த் துறையில் ‘வஜா’ என்று பெயர். ‘தீர்வை வஜா’ என்று பழைய கிராமக் கணக்குகளில் எழுதுவர். இதன் அரபி வடிவம் ‘வள்உ’. ‘இறக்கி வைத்தல்’ என்பது அதன் நேர்ப்பொருள். தலைச்சுமையைத் தரையில் இறக்கி வைப்பது போலக் கடன் சுமையை ஒருவர் மீதிருந்து இறக்கி வைப்பதே வஜா.

தாலுகா அலுவலகத்துக்கு இச்சொல் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நபி (ஸல்) அவர்களின் திருவாயில் இதே வேர்ச்சொல் வழங்கியது. மதீனாவின் மஸ்ஜிதில் கஅப் பின் மாலிக் (ரலி) அவர்கள், இப்னு அபீ ஹத்ரத் என்பவரிடம் தமக்கு வரவேண்டிய கடனைக் கேட்டார்கள். பேச்சு முற்றிக் குரல்கள் உயர்ந்தன. தம் வீட்டினுள் இருந்த நபி (ஸல்) அவர்கள் திரையை விலக்கிக் கஅபை அழைத்தார்கள். கடனில் பாதியை இறக்கி வைக்குமாறு கையால் சைகை காட்டினார்கள். கஅப் அவர்கள் உடனே இசைந்தார்கள். அதன்பின் மற்றவரை நோக்கி, எழுந்து சென்று மீதியைச் செலுத்துமாறு பணித்தார்கள். ஸஹீஹுல் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள நிகழ்ச்சி இது. அங்கே நபியவர்கள் ஆண்ட ஏவல் வினையும் நம் ‘வஜா’வும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை.

இந்நிகழ்ச்சியில் நாம் கற்க வேண்டியவை இரண்டு. கடன் கொடுத்தவரின் உரிமை மறுக்கப்படவில்லை. அவர் விட்டுக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார். கடன் வாங்கியவரும் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படவில்லை. பாதி குறைந்தவுடன் மீதியை அப்போதே செலுத்தச் சொல்லப்பட்டார். ஒரு சொல் இருவருக்கும் கடமையை வகுத்தது. அல்பகரா அத்தியாயத்தின் 280-ஆவது வசனமும் நெருக்கடியில் உள்ள கடனாளிக்கு வசதி வரும்வரை தவணை தருவதைக் கட்டளையாகவும், விட்டுவிடுவதை அதனினும் சிறந்ததாகவும் கூறுகிறது. இயலாதவருக்குத் தவணை கொடுத்தவரும் கடனை இறக்கி வைத்தவரும் மறுமையில் அல்லாஹ்வின் நிழலைப் பெறுவர் என்னும் கருத்துடைய நபிமொழியிலும் அதே வேர்ச்சொல்லே இடம்பெற்றுள்ளது.

உழவருக்கு விதைக்கும் மாட்டுக்கும் கிணற்றுக்கும் அரசு முன்பணமாகக் கொடுத்த கடனைத் ‘தக்காவி’ என்றனர். இதுவும் அரபிச் சொல்லே. ‘வலுவூட்டுதல்’ என்பது பொருள். பெயரளவில் பார்த்தால் நம் வருவாய்த் துறையின் அகராதி கருணை மிக்கது. சுமையை இறக்கி வைப்பது ஒன்று. தளர்ந்தவனுக்கு வலுவூட்டுவது மற்றொன்று. பெயருக்கேற்ப நடந்ததா என்பதே வரலாறு கேட்கும் கேள்வி.

நவாபின் கடனும் குடியானவரின் சுமையும்

வாலாஜா நவாபு கல்விக்கும் மார்க்கத்துக்கும் வாரி வழங்கியவர். சென்னைத் திருவல்லிக்கேணியில் 1795-இல் எழுந்த பெரிய பள்ளிவாசல் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தக் கொடையை நாம் நன்றியுடன் நினைவுகூர்கிறோம். ஆனால் வரலாற்றின் மறுபக்கத்தை மறைப்பது நீதியன்று.

போர்ச் செலவுகளுக்காகவும் அரண்மனைச் செலவுகளுக்காகவும் அவர் கும்பினியின் ஊழியர்களிடமே மிகுந்த வட்டிக்குக் கடன் வாங்கினார். அசலும் வட்டியும் பெருகப் பெருகச் சீமைகளின் வரி வருவாயைக் கடன்காரர்களுக்கு ஈடாக எழுதிக் கொடுத்தார். காஞ்சியும் வாலாஜாபாத்தும் அடங்கிய செங்கல்பட்டுச் சீமை 1763-இல் கும்பினிக்கு ஜாகீராக அளிக்கப்பட்டது. பின்னர் அதையே நவாபு குத்தகைக்கு எடுத்து 1780 வரை வரி வசூலித்தார். மேலே வட்டி, நடுவே குத்தகை, கீழே உழவர். சுமை எல்லாம் கீழே இறங்கிற்றே அன்றிக் கீழிருந்தவரின் தலையிலிருந்து இறக்கி வைக்கப்படவில்லை.

‘ஆர்க்காட்டு நவாபின் கடன்’ என்பது இலண்டன் வரை நாறிய விவகாரம். அக்கடன் கோரிக்கைகளை விசாரியாமலே ஏற்றுக்கொண்டு கர்நாடகச் சீமையின் வருவாயிலிருந்து அடைக்க 1784-இல் இங்கிலாந்து அரசு முடிவு செய்தது. அதை எதிர்த்து எட்மண்ட் பர்க் 1785 பிப்ரவரி 28 அன்று இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் நீண்ட உரை ஆற்றினார். நாடு பாழாகிக் கிடக்கையில் அதன் உழவரின் உழைப்பைக் கொண்டு வட்டிக்காரரின் பையை நிரப்புவதா என்பதே அவர் எழுப்பிய வாதத்தின் சாரம். 1801-இல் கர்நாடகச் சீமை முழுவதும் கும்பினியின் கைக்குப் போன பின் அமைக்கப்பட்ட விசாரணைக் குழு, பிற்காலத்துக் கடன் கோரிக்கைகளில் மிகப் பெரும்பகுதியைச் செல்லாதவை என்று தள்ளியது. அதற்குள் ஒரு தலைமுறை உழவர் கடந்து போயிருந்தனர். வட்டி ஏன் தடுக்கப்பட்டது என்று மாணவர் கேட்டால், நாம் தொலைதூர உதாரணம் தேட வேண்டியதில்லை. பாலாற்றங்கரையின் வரலாறே போதும்.

கஞ்சித் தொட்டி

1780-இல் ஹைதர் அலியின் படை கர்நாடகச் சீமைக்குள் புகுந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 10 அன்று காஞ்சிக்கு அருகே பொள்ளிலூரில் கும்பினிப் படை பெருந்தோல்வி கண்டது. அப்போரைப் பற்றிப் பெருமிதத்துடன் பேசுவோர் உண்டு. ஆனால் அந்தப் போரில் இரு தரப்பிலும் பயிர்கள் எரிந்தன, ஏரிக் கரைகள் உடைந்து கிடந்தன, ஊர்கள் காலியாயின. படைகளில் நம் பெயர் தாங்கியோர் இரு பக்கமும் இருந்தனர், பசித்தவர்களிலும் இருந்தனர். பசிக்கு எந்தக் கொடியும் தெரியாது.

பஞ்சத்துக்கு அஞ்சி மக்கள் சென்னைப் பட்டினத்தை நோக்கி ஓடினர். 1782-இல் பட்டினத்தின் வடபகுதியில் ஒரு சத்திரத்தில் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றப்பட்டது. மணியக்காரர் சத்திரம் என்று பெயர் பெற்ற அவ்விடத்தில் பிணியாளரையும் பேணத் தொடங்கினர். அது மெல்ல மெல்ல மருத்துவமனையாக வளர்ந்தது. இன்று அதனை ஸ்டான்லி மருத்துவமனை என்கிறோம். 1938 முதல் மருத்துவக் கல்லூரியும் உடையது. ஆனால் வடசென்னையின் முதியவர்கள் நெடுங்காலம் அதனைக் ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே அழைத்தனர். அரசு வைத்த பெயரைவிடப் பசித்தவர் வைத்த பெயர் நீடித்தது. தமிழ் மக்கள் தம் துயர் தணிந்த இடத்தைத் தாம் பெற்ற உணவின் பெயராலேயே நினைவு வைத்தனர்.

காஞ்சிக்குப் பஞ்சமும் புதிதன்று, பசி தீர்க்கும் மரபும் புதிதன்று. பௌத்தக் காப்பியமான மணிமேகலையில், மழை பொய்த்துப் பசியால் வாடிய காஞ்சி நகருக்கு மணிமேகலை வந்து உணவளிப்பதாகக் கதை அமைந்துள்ளது. பசியைப் ‘பசிப்பிணி’ என்று ஒரு நோயாகவே தமிழ் கண்டது. நோய் என்று கண்டால்தான் நோயாளியைப் பழிக்கத் தோன்றாது. நம் பள்ளிவாசல்களில் ரமளானில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியும் இம்மண்ணின் அந்த மரபோடு இணைந்ததே. நோன்பாளியும் வழிப்போக்கரும் அண்டை வீட்டுப் பிள்ளைகளும் தூக்கு வாளியுடன் வந்து நிற்பர். யார், எதற்கு என்று கேட்பதில்லை. கேளாமல் ஊற்றுவதே அதன் கண்ணியம்.

கேட்டுக் கேட்டு ஊற்றிய காலமும் ஒன்று இருந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சத்தைத் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று நம் முன்னோர் கூறுவர். செங்கல்பட்டும் ஆர்க்காடும் சேலமும் அதில் வாடின. பல இலட்சம் பேர் மாண்டனர். அப்போதுதான் ‘நிவாரணம்’ என்னும் சொல் அரசின் நடைமுறையாக மக்கள் முன் வந்து நின்றது. தடுத்து விலக்குதல் என்பது அவ்வட சொல்லின் பொருள். ஆனால் நிவாரணம் பெறுவோர் உண்மையிலேயே ஏழைகள்தாமா என்று சோதிக்க அரசு விரும்பியது. வேலை செய்தால்தான் கூலி. அந்த வேலையும் வீட்டிலிருந்து வெகு தொலைவில். 1877 தொடக்கத்தில் வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், வேலை செய்வோரின் தானிய அளவை நாளொன்றுக்கு ஒரு பவுண்டாகக் குறைத்தார். கடும் உழைப்புக்கு அது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். சில மாதங்களுக்குப் பின் அளவு உயர்த்தப்பட்டது. இன்று சென்னைக்கு வடக்கிலும் தெற்கிலும் நாம் காணும் பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதி அப்பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டதே. 1880-இல் பஞ்ச ஆணையம் அறிக்கை தந்தது. அதன் வழியில் பஞ்ச நிவாரண விதிகள் உருவாயின. ஆயினும் பெறுபவனைச் சந்தேகிக்கும் பார்வை முற்றிலும் நீங்கியதாகச் சொல்ல முடியாது.

இதனோடு ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டை ஒப்பிட்டுப் பாருங்கள். அரேபியாவில் மழை பொய்த்து மண் சாம்பல் நிறமாயிற்று. அவ்வாண்டுக்கே ‘சாம்பல் ஆண்டு’ என்று பெயர் வந்தது. கலீபா உமர் (ரலி) அவர்கள் எகிப்திலிருந்தும் ஷாமிலிருந்தும் தானியம் வரவழைத்தார்கள். அவ்வாண்டின் ஸகாத் வசூலை ஒத்திவைத்தார்கள். மக்களுக்குக் கிடைக்கும் வரை தாமும் நெய்யும் இறைச்சியும் உண்பதில்லை என்று விலகினார்கள். பசித்தவரைச் சோதிப்பதற்குப் பதிலாக ஆட்சியாளர் தம்மையே சோதித்துக்கொண்டார்கள். அல்பகரா அத்தியாயத்தின் 263-ஆவது வசனம் கூறும் கருத்தும் இதனையொட்டியதே: மனத்தை நோகடித்துக்கொண்டு கொடுக்கும் தர்மத்தைவிட இனிய சொல்லும் மன்னிப்பும் மேலானவை. கொடைக்கும் மன்னிப்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். உதவி கேட்டு வருபவர் சில வேளைகளில் பதற்றத்தில் கடுமையாகவும் பேசக்கூடும். அதையும் பொறுத்துக்கொள்வதே அங்கே மன்னிப்பு என்று விரிவுரையாளர்கள் விளக்குகின்றனர்.

மாப்பும் மன்னிப்பும் பொறுத்தலும்

‘மாப்பு’ என்று பழைய தலைமுறையினர் சொல்வதும், உருது பேசும் வீடுகளில் ‘மாஃப்’ என்று சொல்வதும் அரபியின் ‘அஃப்வு’ என்னும் வேரைச் சேர்ந்தவை. சுவடின்றி அழித்தல் என்பது அதன் பொருள். பாலைவன மணலில் பதிந்த கால் தடத்தைக் காற்று அழித்துவிடுவதற்கு அரபியர் இவ்வேரைப் பயன்படுத்தினர். வரியில்லாமல் விடப்பட்ட நிலத்தை ‘மாபி’ என்றதும் இதனால்தான். உடல் நலத்துக்கு நாம் துஆவில் கேட்கும் ‘ஆஃபியத்’தும் இதே வேர். குற்றத்தை அழிப்பதும், வரியை அழிப்பதும், நோயை அழிப்பதும் அரபி மொழியில் ஒரே குடும்பம்.

‘மக்ஃபிரத்’ வேறு. அதன் வேர்ப்பொருள் மூடிக் காத்தல். போரில் தலையைக் காக்கும் இரும்புக் கவசத்துக்கு ‘மிக்ஃபர்’ என்று பெயர். குற்றத்தை மறைத்து, அதன் தீங்கிலிருந்து குற்றவாளியைக் காப்பதே மக்ஃபிரத். மூன்றாவதாக ‘ஸஃப்ஹு’ என்பது உண்டு. முகத்தைத் திருப்பிக்கொண்டு, நடந்ததைக் குத்திக் காட்டாமல் விடுவது அது. சிலர் ‘மாப்பு’ தந்துவிடுவர். ஆனால் பத்தாண்டு கழித்தும் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் அதனை எடுத்துப் பேசுவர். அவர்கள் தந்தது அஃப்வு. ஸஃப்ஹு இன்னும் தரவில்லை.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு பரப்பப்பட்டபோது அதில் மிஸ்தஹ் என்பவரும் சேர்ந்துகொண்டார். அவர் அபூபக்ர் (ரலி) அவர்களின் உறவினர், ஏழை, அபூபக்ர் அவர்களின் உதவியில் வாழ்ந்தவர். தம் மகளின் மானத்தைக் குலைத்தவருக்கு இனி உதவுவதில்லை என்று அபூபக்ர் அவர்கள் சத்தியம் செய்தார்கள். அன்னூர் அத்தியாயத்தின் 22-ஆவது வசனம் அப்போது இறங்கியது. அஃப்வு, ஸஃப்ஹு ஆகிய இரண்டையும் செய்யுமாறு அது பணித்தது. அல்லாஹ்வின் மக்ஃபிரத்தை நீங்கள் விரும்பவில்லையா என்றும் கேட்டது. அபூபக்ர் அவர்கள் நிறுத்திய உதவியை உடனே மீண்டும் தொடங்கினார்கள். மன்னிப்பு அங்கே வாய்ச்சொல்லாக நிற்கவில்லை. மாதப்படியாக மிஸ்தஹின் வீட்டுக்குச் சென்றது.

தமிழ் இப்பொருளுக்கு வழங்கும் அழகிய சொல் ‘பொறுத்தல்’. ‘பொறை’ என்றால் சுமை. பொறுத்தல் என்றால் சுமத்தல். திருக்குறளின் 16-ஆவது அதிகாரம் ‘பொறையுடைமை’. ‘பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று ஒருவரிடம் கேட்கும்போது, நான் செய்த பிழையின் சுமையை நீங்கள் சற்றுச் சுமந்துகொள்ளுங்கள் என்றே கேட்கிறோம். அரபி மன்னிப்பை அழித்தலாகவும் மூடுதலாகவும் கண்டது. தமிழ் அதைச் சுமத்தலாகக் கண்டது. மன்னிப்பவருக்கும் வலி உண்டு என்பதைத் தமிழ்ச் சொல் மறைக்கவில்லை. ஆகவே மன்னிப்புக் கேட்பவர் எளிதாகக் கேட்டுவிட்டுப் போகலாகாது.

நம் சமுதாயத்துக்கே உரிய வழக்கு ஒன்றும் உண்டு. ஹஜ்ஜுக்குப் புறப்படுவோர் வீடு வீடாகச் சென்று, ‘ஏதும் தவறு இருந்தால் ஹலால் செய்துகொள்ளுங்கள்’ என்பர். உருது பேசுவோர் ‘கஹா சுனா மாஃப்’ என்பர். சொன்னதும் கேட்டதும் மன்னிக்கப்படட்டும் என்பது பொருள். இவ்வழக்குக்கு அடிப்படை ஸஹீஹுல் புகாரியில் உள்ள நபிமொழி. பிறருக்கு அநீதி இழைத்தவர், தீனாரும் திர்ஹமும் பயன்படாத நாள் வருமுன் அவரிடமே அதனை ஹலாலாக்கிக்கொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து. ஆனால் பயணத்துக்கு முந்தைய இரவில் நூறு பேரிடம் பொதுவாகச் சொல்வது ஒரு சடங்காகிவிடக் கூடாது. பணத்தை எடுத்திருந்தால் பணத்தைத் திருப்ப வேண்டும். பாகப் பிரிவினையில் சகோதரியின் பங்கை வைத்திருந்தால் அதனைக் கொடுத்துவிட்டே ‘ஹலால்’ என்னும் சொல்லை உச்சரிக்க வேண்டும். உரிமையைக் கையில் பிடித்துக்கொண்டு மன்னிப்பைக் கேட்பது கஅப் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியில் நாம் கண்ட நீதிக்கு மாறானது.

ஆறுதலும் தஃஸியத்தும்

‘ஆறுதல்’ என்பது தமிழின் தனிச்செல்வம். காய்ச்சிய கஞ்சி ஆறும். பட்ட புண் ஆறும். நொந்த மனமும் ஆறும். மூன்றுக்கும் ஒரே சொல். மூன்றுக்கும் பொதுவானது காலம். கஞ்சியைத் தாய் கரண்டியால் துழாவி ஆற்றுவது போல, அருகே இருப்பவர் துயரை ஆற்றலாம். ஆனால் அதற்குரிய நேரத்தை எடுத்துக்கொண்டே அது ஆறும். ‘எப்போது மறப்பாய்’ என்று அவசரப்படுத்துவது ஆறுதலாகாது.

‘தஃஸியத்’ என்னும் அரபிச் சொல்லின் வேர்ப்பொருள் பொறுமையூட்டுதல். ஹிஜ்ரி 8-இல் மூத்தா போரில் ஜஅஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதான செய்தி மதீனாவை எட்டியது. துயரத்தால் செயலற்றுப் போன அக்குடும்பத்துக்கு உணவு சமைத்துக் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் மற்றவர்களைப் பணித்தார்கள். மரண வீட்டில் அடுப்பு எரியாத நாள்களில் உறவினரும் அண்டை வீட்டாரும் சோறு கொண்டு செல்லும் நம் வழக்கத்துக்கு இதுவே முன்மாதிரி. அந்த முன்மாதிரியை நாம் சில இடங்களில் தலைகீழாக்கிவிட்டோம். துக்கம் விசாரிக்கச் சென்றவர்களுக்கே மரண வீட்டார் கடன் வாங்கி விருந்து வைக்கும் நிலை உள்ளது. இறக்கி வைக்கச் சென்றவர்கள் ஏற்றி வைத்துவிட்டு வருவதா?

மரண வீட்டில் பேச வேண்டியது மிகக் குறைவு. நாம் அனைவரும் அல்லாஹ்வுக்கே உரியவர்கள் என்பதை நினைவூட்டும் இஸ்திர்ஜாவைச் சொல்லலாம்; மய்யித்துக்காக துஆ செய்யலாம்; ‘சபூர் செய்யுங்கள்’ என்று மென்மையாகக் கூறலாம். ‘முன்னரே வேறு மருத்துவமனைக்குக் கொண்டு போயிருக்கலாமே’ என்னும் சொல் ஆறுதலன்று. அது ஆறாத புண். துயரை நீக்குவதைக் கூறும் நபிமொழியில் ‘நஃப்பஸ’ என்னும் சொல் வருகிறது. மூச்சுவிட இடம் தருதல் என்பது அதன் வேர்க் கருத்து. நம் பேச்சு எதிரிலிருப்பவருக்கு மூச்சுவிட இடம் தருகிறதா, மூச்சை அடைக்கிறதா என்று எண்ணிப் பேசினால் போதும்.

இன்று நம் முன் உள்ளவை

இன்று வஜாவின் இடத்தைத் ‘தள்ளுபடி’ என்னும் தமிழ்ச் சொல் பிடித்துள்ளது. 2021 பிப்ரவரியில் தமிழக அரசு கூட்டுறவு வங்கிகளில் 16.43 இலட்சம் உழவர்களின் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. அதே ‘தள்ளுபடி’யை நீதிமன்றத்திலும் கேட்கிறோம்; அங்கே மனு தள்ளுபடியானால் கேட்டவர் வெறுங்கையுடன் திரும்புகிறார். ஒரே சொல் ஓரிடத்தில் கருணை, மற்றோரிடத்தில் மறுப்பு. சொல் நல்லதாக இருந்தால் போதாது. யார், யாருக்கு, எதைத் தள்ளுகிறார் என்பதே பொருளைத் தீர்மானிக்கிறது.

அரசின் கடனை நாம் தள்ள முடியாது. ஆனால் நம் கைக்கெட்டிய கடன்கள் உள்ளன. காஞ்சி வட்டாரத்தில் தறிக்காரர் முதலாளியிடம் முன்பணம் வாங்கி நெய்வது நெடுநாள் வழக்கம். பட்டு விலை ஏறி வேலை குறையும் காலத்தில் அந்த முன்பணம் கழுத்துச் சுருக்காகிவிடும். நம்மிடையே முதலாளிகளும் இருக்கின்றனர், தறிக்காரர்களும் இருக்கின்றனர். கடை வாடகை பெறுவோர் இருக்கின்றனர். கொடுக்க இயலாதோரும் இருக்கின்றனர். நெருக்கடி உண்மையானதாயின் தவணையோ வஜாவோ தருவது ஓர் அமலே. அதே வேளையில் வசதி வந்த பின்னும் கடனை இழுத்தடிப்பது அநீதி என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளதையும் கடன்பட்டோர் மறக்கலாகாது.

2015 பெருவெள்ளத்தில் சென்னையிலும் காஞ்சி மாவட்டத்திலும் பள்ளிவாசல்கள் எல்லா மதத்தவருக்கும் கதவு திறந்தன. நம் இளைஞர்கள் கழுத்தளவு நீரில் உணவு சுமந்தனர். அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் நிவாரணப் பொட்டலத்தைப் பெறுபவரின் முகத்தைப் படமெடுத்துப் பரப்பும் வழக்கம் நம்மிடமும் புகுந்துவிட்டது. 1877-இல் ஏழையின் உழைப்பைச் சோதித்தனர். இன்று ஏழையின் முகத்தை விளம்பரமாக்குகின்றனர். கணக்குக் காட்ட வேண்டுமாயின் பொருளைப் படமெடுங்கள், இரசீதைப் படமெடுங்கள். பெறுபவரின் முகத்தை விட்டுவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு இச்சொற்களை வீட்டிலேயே கற்றுத் தருவோம். தம்பியை அடித்த அண்ணனிடம் ‘மன்னிப்புக் கேள்’ என்று மட்டும் சொல்லாமல், உடைத்த பொருளைச் சரிசெய்து கொடுக்கவும் சொல்வோம். மன்னித்த தம்பியிடம், இனி அதைச் சொல்லிக் காட்டாதே என்றும் கூறுவோம். அஃப்வும் ஸஃப்ஹும் அங்கே தொடங்கும்.

வீட்டார் ஒவ்வொருவரும் இந்த ஜும்ஆவுக்குள் ஒரு பெயரை நினைத்துக்கொள்ளுங்கள்: நம்மிடம் கடன்பட்டுத் தவிப்பவர் ஒருவர், அல்லது நாம் ஹலால் கேட்க வேண்டியவர் ஒருவர், அல்லது துக்கம் விசாரிக்கச் செல்லாமல் தள்ளிப்போட்ட வீடு ஒன்று. அவரிடம் சென்று ஒரு சுமையை இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பிழைகளை அழித்து, மூடி, குத்திக் காட்டாமல் விடுவாயாக. எங்கள் கடன்களையும் துயர்களையும் எங்கள் மீதிருந்து இறக்கி வைப்பாயாக. பிறருக்கு மூச்சுவிட இடம் தரும் நாவை எங்களுக்கு அருள்வாயாக. ஆமீன்.